மௌசியோவுக்கு யாரும் வேண்டாம்

ஒரு ஆளுக்கு மட்டும் சமைப்பது எப்படி என்பதுதான் மௌசியோ அந்த வருஷம் கற்ற முதல் பாடம். அதைக் கற்றுத் தேறவே மூன்று மாதம் பிடித்தது. அறுபத்து மூன்று வயதுவரை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். முதல் தடவை சேப்பங்கிழங்கை அரைவேக்காட்டில் இறக்கித் தின்றுவிட்டு, நாக்கும் தொண்டையும் அரிப்பெடுத்து, இரண்டு நாள் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தார். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் பல்வலி என்று தாடையைப் பிடித்துக் காட்டினார்.

மனைவி தொரிகா ஜனவரிக் கப்பலில் போயிருந்தாள். ஆக்லாந்தில் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆறு மாதம், பிள்ளை எழுந்து உட்காரும்வரை இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனாள். எங்கள் ரோத்துமாத் தீவிலிருந்து கிளம்புகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பாதி, ஆறு மாதத்தில் வருகிறோம் என்றவர்கள் பூட்டிவிட்டுப் போனவை. மௌசியோவுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் மற்றவர் மனைவிமாருக்குத்தான் பொருந்தும் என்று நினைத்தார்.

துறையில் மூட்டை ஏற்றும்போதுகூட தொரிகா கேட்டாள்.

"நீங்களும் வந்துடுங்களேன்."

"நான் வந்துட்டா பன்னிக்கு யாரு தீனி போடுறது?"

"ஜொதாமா பாத்துக்குவான்."

"அவன் தன்னையே பாத்துக்க மாட்டான், என் பன்னியப் பாத்துக்குவானா?"

ஜொதாமா என்பவர் அடுத்த வீட்டுக்காரர். அவரும் பக்கத்திலேயே நின்று மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் சிரித்தார்கள். தொரிகா சிரிக்கவில்லை. பன்றிக்கும் தனக்கும் நடுவில் பன்றி ஜெயித்துவிட்டது என்று அவள் அன்றைக்கே முடிவுகட்டியிருக்கலாம்.

முதல் சில மாதம் ஜொதாமாவின் மனைவி ஸாரோத்தி, ஞாயிறுதோறும் தட்டு அனுப்பினாள். ஸாரோத்தி தொரிகாவுக்குச் சித்தப்பா மகள், தங்கை முறை. கல்யாண வீடுகளில் கையில் கம்பை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவரையே வெயிலில் நிற்கவைத்து ஆடச்சொல்லும் கோமாளிப் பொறுப்பு எப்போதும் அவளுக்குத்தான். அவள் வாய்க்குப் பயந்து பேசாதிருப்பவர்கள் ஊரில் பலர். மண்குழி அடுப்பில் வெந்த பன்றி, தேங்காய்ப்பாலில் ஊறிய கிழங்கு, டின் மாட்டிறைச்சி வைத்துக் கட்டிய கீரை என்று தட்டு நிறைய வரும். மௌசியோ அதை வாசலிலேயே திருப்பினார்.

"நான் ஆக்கிட்டேன்னு சொல்லு. வயிறு நெறஞ்சு கெடக்கு."

ஆக்கியதும் இல்லை, நிறைந்ததும் இல்லை. மண்குழி அடுப்பு என்பது கல்லைக் காயவைத்து, இலை போட்டு, மண்மூடி, வீட்டு ஜனம் முழுக்கச் சுற்றி நின்று செய்கிற காரியம். ஒற்றை ஆளுக்காக அதை மூட்டினால் ஊர் சிரிக்கும். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமையும் கிழங்கை வேகவைத்து, உப்பைத் தொட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே தின்றார். உட்கார்ந்து தின்ன எதிரே ஒரு ஆளாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதைச் சீக்கிரம் மறந்தும் போனார். ஜூலைக்குப் பிறகு தட்டு வருவது நின்றது. எத்தனை தடவைதான் அனுப்புவாள்?

அடுத்து தொலைபேசி. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கோயில் வாசலில் மட்டும்தான். அதிலும் வேலியோரம் இருக்கிற பலாமரத்தடியில் நின்றால் பாதிப்பேச்சு அறுந்துபோகும். படிக்கட்டில் நின்றால்தான் தெளிவாகக் கேட்கும். படிக்கட்டில் எப்போதும் பத்துப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள் என்று பேர். மற்றவர் பேச்சைக் கேட்பதுதான் உண்மையான வேலை.

ஆறு மாதம் முடிந்ததும் தொரிகா, "மக மறுபடி உண்டாகியிருக்கா. இந்த நேரத்துல விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாள்.

மௌசியோ படிக்கட்டைச் சுற்றிப் பார்த்தார். பத்து ஜோடிக் காதுகள்.

"அப்படியா? அடுத்த கப்பலா? சரி, சரி, மெதுவா வா," என்றார் உரக்க.

"என்னங்க சொல்றீங்க? நான் வரலைன்னுதான சொல்றேன்."

"ஆமா ஆமா, காத்துக் காலம். பாத்து வா."

எதிர்முனையில் தொரிகா, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவர் உண்மையைச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கப்பல் வருகிற நாளில் மௌசியோ சவரம் செய்துகொண்டு, லாரியில் தொற்றிக்கொண்டு, தீவின் மறுகோடியில் இருக்கும் ஓய்னாஃபா துறைக்குப் போவார். இறங்குகிற கடைசி ஆள்வரை பார்ப்பார். பொய் சொன்னவர் அவர்தான் என்றாலும் பார்ப்பார். திரும்பும்போது, "டிக்கெட் கெடைக்கலயாம், அடுத்ததுல வர்றாளாம்" என்று லாரிக்காரனிடம் சொல்வார். லாரிக்காரனும், "அப்ப அடுத்ததுல வந்துடுவாங்க மாமா" என்பான். ஊரே இப்படித்தான் தலையாட்டியது. சந்தேகப்பட்டு ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து மௌசியோவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆகஸ்டில் வழக்கம்போல தர்பூசணி விதைத்தார். ரோத்துமாவில் தர்பூசணி விதைப்பது தின்பதற்காக இல்லை, ஃபராவுக்காக. டிசம்பர் பிறந்துவிட்டால் எங்களுக்கு விளையாட்டுக் காலம். பொழுது சாய்ந்ததும் ஒரு கும்பல் உக்குலேலே என்கிற குட்டி கிதாரோடு கிளம்பி வீடுவீடாகப் போய்ப் பாடி ஆடும். எந்த வீட்டு வாசலில் பாட்டு எழுந்தாலும் அந்த வீட்டுக்காரர் வெளியே வந்தாக வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் வரவேண்டும். ஆடுகிறவர்கள் தலையிலும் தோளிலும் பவுடர் போட்டு, சென்ட் தெளித்து, பழம் வெட்டிக் கொடுத்து, கடைசியில் அந்த வீட்டார் கும்பலோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இழவு வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டையும் தாண்டிப் போகமாட்டார்கள். அதேபோல, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று யாரும் போய்க் கூப்பிடவும் மாட்டார்கள். தானாக வந்தால்தான் அதற்குப் பேர் ஃபரா.

கிறிஸ்துமஸ் அன்று தொரிகா அழைத்தாள். வாழ்த்தெல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு இங்கயே இருக்கக் காகிதம் வந்துடுச்சு. நான் இனிமே அங்க வர்றதா இல்ல. எனக்குப் பழகிப்போச்சு. பேரப்புள்ள என்னை விடமாட்டேங்குது. நீங்க வந்தா வாங்க. வரலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

படிக்கட்டில் அன்று பண்டிகைக் கூட்டம். மௌசியோ வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"ரொம்ப நல்லது," என்றார். "ரொம்ப நல்லது. அடுத்த கப்பல்தான?"

தொரிகா அழுதுகொண்டே துண்டித்தாள். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம், "ஆமா... சரி... சொல்றேன்" என்று பேசினார். பேச ஒன்றும் மிச்சமில்லாதபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் எதுவும் சமைக்கவில்லை.

நான்கு நாளில் வருஷத்தின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று எங்கள் கோயிலில் பிரசங்கம் கிடையாது. அவரவர் எழுந்து, இந்த வருஷம் ஆண்டவர் தனக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று சொல்லவேண்டும். மச்சானுக்குப் படகு இயந்திரம் இரவல் கொடுக்கக்கூடாது என்று கற்றதாக ஒருவர் சொன்னார். மச்சான் பின் வரிசையிலிருந்து, "இயந்திரமா அது, தகர டப்பா!" என்றார். பொறுமை கற்றேன் என்று ஜொதாமா எழுந்தார். போன வருஷமும் அவர் அதையேதான் சொன்னார். ஸாரோத்தி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியதைப் பார்த்துப் போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மௌசியோ எழுந்தார். நான்கு நாளாக ஒத்திகை பார்த்திருந்தார். சலவைச் சட்டை, முன்னால் மடித்துக் கட்டிய சுலு வேட்டி, நிமிர்ந்த முதுகு.

"சமைக்கக் கத்துக்கிட்டேன். பொத்தான் தைக்கக் கத்துக்கிட்டேன். போன ஜனவரியில எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப எல்லாம் தெரியும். ஒரு மனுஷன் யாரு தயவும் இல்லாம இருக்கலாம். இருந்து பாத்துட்டேன். எனக்கு யாரும் வேண்டாம். அதுதான் ஆண்டவர் எனக்குக் கத்துக்குடுத்தது."

போதகர் ஒரு கணம் தாமதித்து, "ஆமென்" என்றார். நாலைந்து பேர்தான் திருப்பிச் சொன்னார்கள். மௌசியோ உட்கார்ந்தார். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்றே நினைத்தார். இனி தொரிகா வராவிட்டாலும் அவளுக்காக ஏங்குகிறவன் என்று யாரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட முடியாது. அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கவசம்தான்.

வெளியே வரும்போது ஸாரோத்தி பக்கத்தில் வந்தாள்.

"ஏன் அத்தான், யாரும் வேண்டாமா? நான்கூடவா வேண்டாம்?"

"முதல்ல நீதான் வேண்டாம்," என்றார்.

எப்போதும் அதற்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பவள், அன்று அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள் ஃபரா எங்கள் மேற்கு முனைக்கு வந்தது. மௌசியோ மத்தியானமே குளித்துவிட்டார். பூப்போட்ட சட்டை. பவுடர் டப்பாவும் சென்ட் புட்டியும் மேஜைமேல் தயார். ஆறு தர்பூசணியைப் பறித்துவந்து வரிசையாக வைத்திருந்தார். வாசலில் போய் நிற்பது அழகல்ல என்று உள்ளே பாயில் உட்கார்ந்து, காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஜொதாமா வீட்டில் பாட்டு எழுந்தது. ஸாரோத்தியின் குரலும் சிரிப்பும் கேட்டன. அங்கே முடிந்தால் அடுத்தது இந்த வீடுதான். அவர் எழுந்து சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

பாட்டு நின்றது. மணல் பாதையில் காலடிகள் வந்தன. யாரோ "உஷ்" என்றார்கள். உக்குலேலேயை யாரோ உள்ளங்கையால் அமுக்கிய சத்தம்கூட அவருக்குக் கேட்டது. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வேலியைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பக்கம் போனதும் அடுத்த வீட்டு வாசலில் பாட்டு மறுபடி உரக்க எழுந்தது.

மௌசியோ கையில் பவுடர் டப்பாவோடு நின்றார். இழவு வீட்டைத்தானே இப்படித் தாண்டுவார்கள்? யார் செத்துப்போனார்கள்?

காலையில் வேலியோரம் ஜொதாமா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மௌசியோ ரொம்ப நேரம் பன்றிக்கு எதையோ போடுவதுபோல நின்றுவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நேத்து பாட்டு நல்லா இருந்துச்சு போல?"

"உனக்குக் கேட்டுடுச்சா? அடடா!" ஜொதாமா கம்பியிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "அத்தனை தடவ சொல்லிவச்சேனே. மௌசியோவைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவன் கோயில்லயே சொல்லிட்டான், மனுஷன நிம்மதியா இருக்க விடுங்கன்னு. அந்த உக்குலேலேக்காரப் பய அமுக்கத் தெரியாம அமுக்கியிருப்பான். மனசுல வச்சுக்காத. அடுத்த தடவ சுத்திக்கிட்டுப் போகச் சொல்றேன்."

கேலி இல்லை. ஜொதாமா அவ்வளவு அக்கறையோடு சொன்னார். கேலியாக இருந்திருந்தால் மௌசியோ திருப்பிக் கேலி பேசியிருப்பார், அத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

"நல்ல காரியம் பண்ணின," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கும்பல் இன்னும் இரண்டு முறை எங்கள் முனைக்கு வந்தது. இரண்டு முறையும் கடற்கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த மணலில் கால் புதையும், கிழவிகளுக்குக் கஷ்டம். இருந்தும் அவருக்காகச் சுற்றிப் போனார்கள். தான் கேட்டதைத்தான் ஊர் கொடுக்கிறது, அதுவும் மரியாதையோடு கொடுக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

தர்பூசணி அழுகத் தொடங்கியது. ஒன்று வெடித்து எறும்பு மொய்த்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பன்றிப்பட்டியில் உடைத்துப் போட்டார். பன்றிகள் சிவப்புச் சாறு வழிய வழியத் தின்றன. இதுகளுக்காகத்தான் துறையில் அன்றைக்கு அவளிடம் அப்படிப் பேசினோம் என்று நினைத்தபடி வேலிக்கட்டையில் உட்கார்ந்தார். வருஷம் முழுக்க என்னவெல்லாமோ கற்றதாகக் கோயிலில் சொன்னோமே, கற்றது இதில் எதற்காவது உதவுகிறதா என்று யோசித்தார். கிழங்கு வேகவைக்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். தொரிகாவிடம் போகாதே என்று சொல்லத் தெரியவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவும் தெரியவில்லை. இப்போது ஒரு பாட்டுக் கும்பலை உள்ளே வா என்று கூப்பிடத் தெரியவில்லை.

விளையாட்டுக் காலம் முடிகிற கடைசி நாள் வந்தது. கும்பல் அன்றைக்குத் தீவின் கிழக்குப் பக்கம் போய்விட்டது. எங்கள் முனையில் சத்தமே இல்லை. இன்னும் வெளிச்சம் போகவில்லை. மௌசியோ குளித்தார், ஆனால் பூச்சட்டையைப் போடவில்லை, வீட்டில் போடுகிற பழைய பனியனோடேயே கிளம்பினார். யோசித்தால் போகமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேலியைத் தாண்டி, ஜொதாமா வீட்டு வாசலுக்கு நேரே போய் நின்று, கையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்.

ஃபராப் பாட்டு முப்பது பேர் பாடவேண்டிய பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாட வேண்டும். அவர் எடுத்துக்கொடுத்தார், வாங்க ஆளில்லை, தானே வாங்கிக்கொண்டார். தனியாகப் பாடிப் பழகாத தொண்டை நடுவில் உடைந்தது. நாய் குரைத்தது. ஆடவும் வேண்டுமே என்று இரண்டு காலடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார். எதிர்ச் சாரியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் பாட்டுக்கு இடையில் ஓடுவதும் வழக்கமில்லை.

ஸாரோத்தி பவுடர் டப்பாவோடு வெளியே வந்தாள். ஜொதாமா அவள் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் அவள் கிட்டே வந்து, அவர் தலையில் பவுடரைக் கொட்டி, கழுத்திலும் தோளிலும் உள்ளங்கையால் தேய்த்தாள். அந்தக் கை பட்டதும் மௌசியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தொரிகா கப்பல் ஏறியதிலிருந்து ஒரு ஜீவன் அவரைத் தொட்டதில்லை. எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன அத்தான் இது, ஒத்தை ஆளு ஃபரா?" என்றாள். "இந்தக் கொரலுக்கு ஒரு பழம்கூட வெட்டமாட்டேன், ஆமா. நாயே எழுந்து போயிடுச்சு, பாருங்க."

அவர் சிரிக்க முயன்றார். சிரிப்புக்குப் பதிலாக வேறு வந்தது.

"தொரிகா வரமாட்டா," என்றார். "அடுத்த கப்பல்ல இல்ல. எந்தக் கப்பல்லயும் இல்ல. நான் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும் அத்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ எங்கிட்ட வாராவாரம் பேசுறா. நான் மட்டுமா? ஊருக்கே தெரியும். அன்னைக்குக் கிறிஸ்துமஸுக்கு அவ வச்சுட்டுப் போனப்புறம் நீங்க வெறும் போன்ல பேசிக்கிட்டு நின்னீங்களே, படிக்கட்டுல இருந்த அத்தனை பேரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்."

மௌசியோ அவளையே பார்த்தார். லாரிக்காரன், போதகர், துறையில் மூட்டை இறக்குகிறவர்கள், ஒவ்வொரு மாதமும் அடுத்ததில் வந்துவிடுவாள் என்று தலையாட்டிய ஒவ்வொரு முகமும் அவர் கண்ணெதிரே வந்துபோயிற்று.

"தெரிஞ்சுக்கிட்டேவா? அப்ப ஏன் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல?"

ஸாரோத்தி டப்பாவை மூடினாள். விளையாட்டெல்லாம் அவள் முகத்திலிருந்து போயிருந்தது.

"எப்படிச் சொல்றது? அடுத்த கப்பல்ல வர்றான்னு சொல்றப்ப மட்டும்தான் உங்க மூஞ்சி நல்லா இருந்துச்சு. அதையும் கெடுக்க யாருக்கு மனசு வரும்?"

மௌசியோ நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதார். பெரிய சத்தத்தோடு, வெட்கமில்லாமல், இழவு வீட்டில் அழுவதுபோல அழுதார். ஜொதாமா என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் உக்குலேலேயை எடுத்துவந்தார். அவருக்குத் தெரிந்தது நாலே நாலு சுரம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, மௌசியோ தனியாக எடுத்துக்கொடுத்த குரலுக்குப் பதில்குரல் கொடுக்கிறமாதிரி அதே பாட்டை மறுபடி எடுத்தார். ஸாரோத்தி வாங்கிப் பாடினாள். எதிர்ச் சாரியில் ஜன்னல் திறந்த வீட்டிலிருந்தும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். யாரும் மௌசியோவை அழாதே என்று சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை பாடிக்கொண்டிருந்தார்கள்.